பிரபுவுக்கு நான் எழுதிய வாழ்த்துமடல்

போன மாதம் எங்கள் சங்க மலரின் ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அந்த இங்கிலாந்து லோர்ட் செத்துப் போனாராம். கறுப்புக் கரை போட்டு ஒரு பக்கம் ஒதுக்கி வைச்சிருக்கிறன். 'தமிழர் நண்பர் மறைந்தார்' எண்டு தலைப்பும் போட்டாச்சு. நீங்கள்தானே அவருக்குக் கிட்ட நிண்டு வேலை செய்தனீங்கள். கொஞ்சம் உருக்கமா எழுதித் தாங்கோ."

உருக்கமாக வராது தம்பி, எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். "உள்ளதை எழுதினாலும் உங்கட தமிழ் உருக்கமாத்தான் வரும்" என்றார். என் தமிழைப் பற்றி அவர் சொன்ன அந்த நல்ல வார்த்தை அன்று முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஏன் என்று இதை வாசித்தால் விளங்கும்.

நான் ஹொட்டல் தொழிலாளி. கொலோன் நகரத்தில், ரைன் நதியைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பழைய பெரிய ஹொட்டலில் இருபத்தாறு வருஷம் தட்டம் தூக்கினேன். ஐம்பத்திரண்டாவது வயதில் முள்ளந்தண்டு போதும் என்றது. வைத்தியரும் போதும் என்றார். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போட்டு வீட்டில் இருக்கிறேன். அவ்வப்போது கவிதை எழுதுகிறவன் என்று இங்கே நாலு பேருக்குத் தெரியும். ஐந்தாவது ஆளாக அந்த இங்கிலாந்துப் பிரபுவுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

பிரபுவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் என் பெயரை ஏழு வருஷத்தில் ஒரு தரமும் சொன்னதில்லை. என் பெயர் சிவநேசன். அவருக்கு நான் ராஜ். யார் அந்த ராஜ், எந்த ஊர் ராஜ், எந்தக் காலத்தில் அவருடைய தகப்பனின் சப்பாத்தைத் துடைத்த ராஜ் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டார், நானும் "யெஸ் சேர்" என்றேன். ஒரு நாள் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

வந்த புதிதில் பாத்திரம் கழுவினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், துவாய் மடித்தேன். மூன்று வருஷம் அப்படிப் போனது. அந்த மூன்று வருஷத்துக்கும் இந்த ஒரு வரி போதும். பிறகு ஒரு காலை, நாலாம் மாடியில் ஒரு ஆங்கிலேயக் கிழவர் சத்தம் போட, அவர் என்ன கேட்கிறார் என்று ஒருவருக்கும் விளங்காமல், ஈரக் கையோடு என்னை மேலே இழுத்துப் போனார்கள். கிழவருக்கு வேண்டியிருந்தது சூடு ஆறிய டோஸ்ட். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த ஆங்கிலம் அன்று ஆறிய டோஸ்ட்டுக்கு உதவியது. அடுத்த திங்கட்கிழமை என்னை நாலாம் மாடிக்கு மாற்றினார்கள்.

நாலாம் மாடிக்கு அதிபதி ஹெர் பெர்க்மான். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு விதியை ஒரு தரம்தான் சொல்வார். இரண்டாம் தரம் கேட்டால், கேட்டவனின் சப்பாத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கதவில் இரண்டு விரல் மடக்கி இரண்டு தட்டு. மனதுக்குள் ஏழு எண்ணு. உள்ளே போனதும் முதலில் ஜன்னலைப் பார், கட்டிலைப் பார்க்காதே. தட்டம் இடது கையில், விரல் நுனியில் நிற்க வேண்டும், உள்ளங்கையில் படுக்கக் கூடாது. தேநீர் ஊற்றுகிற போச்சியின் மூக்கு விருந்தாளியின் முகத்தை நோக்கி நிற்கக் கூடாது, அது அவமரியாதை. இதெல்லாம் எங்கள் வீடுகளில் சாமிக்குப் படைக்கிற போது பார்க்கிற ஒழுங்கு மாதிரியே இருந்ததால் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. சாமி பேசாது. இவர்கள் பேசுவார்கள். வேறு வித்தியாசம் இல்லை.

பெர்க்மானின் உயிர் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அடிக்கடி வந்து தங்குகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் அதில் ஒரு அட்டை. தலையணை எத்தனை, ஜன்னல் திறப்பா பூட்டா, எந்தப் பேப்பர், எந்தப் பழத்தைக் கண்ணில் காட்டக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். "பட்டத்தைப் பேனாவால் எழுது, பழக்கத்தைப் பென்சிலால் எழுது" என்றார். பட்டம் நிரந்தரம், பழக்கம் மாறும் என்பது அவருடைய நம்பிக்கை. இன்னொரு விதி உண்டு. விருந்தாளியிடம் சொந்தத் தேவைக்கு எதையும் கேட்கக் கூடாது. முத்திரை ஒட்டிய வெறும் கடித உறைகூட. கேட்டால் அன்றைக்கே வீட்டுக்கு.

பிரபு முதல் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது ஜேர்மன் அரசாங்கம் இன்னும் ரெயிலில் அரை மணித்தியாலத் தூரத்து நகரத்திலேயே இருந்தது. கூட்டம் அங்கே, தூக்கம் இங்கே. நதி பார்க்க வேண்டும் என்பார். துணை அமைச்சர் என்று பெர்க்மான் பேனாவால் எழுதினார். முட்டை நாலரை நிமிஷம் என்று நான் பென்சிலால் எழுதினேன்.

அவருடைய சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. காலைச் சாப்பாட்டில் அவர் வாயாலேயே கேட்டேன். பேசும்போது என்னைப் பார்க்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே நதியைப் பார்த்துச் சொல்வார், ஏதோ ரைன் நதி அவருடைய தொகுதியில் வாக்குப் போடுகிற மாதிரி. பிறந்தது ஒரு மாளிகை. எத்தனை அறை என்று கேட்டேன். "எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை, ராஜ்" என்றார். ஏழு வயதில் விடுதிப் பள்ளி. பிறகு குதிரைப்படை; அங்கே குதிரை அவரைக் கீழே போட்டது, அந்த முழங்கால் மழைக்கு நோகும். அதை நாட்டுக்காகப் பட்ட காயம் என்று சொல்வார். பிறகு சிறிய தகப்பன் இருந்த பாராளுமன்றத் தொகுதி, வீட்டு வாசலில் கிடந்த குடையை எடுப்பது போல இவர் கைக்கு வந்தது. முதல் மீன்பிடிக்குத் துணை அமைச்சர். மீன் என்றால் தட்டில் முள் எடுத்து வைப்பது என்று அவருக்குத் தெரியும். பிறகு தெருக்களுக்கு, சாரதி இல்லாமல் அவர் ஒரு தெருவையும் கடந்ததில்லை. பிறகு வெளிநாட்டு வர்த்தகத்துக்கு. மூன்று துறைக்கும் ஒரே பேச்சு. மீன் என்ற இடத்தில் தெரு, தெரு என்ற இடத்தில் வர்த்தகம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். தன்னைத்தானே கேலி செய்கிற மனிதன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று அந்த வயதில் நினைத்தேன்.

தகப்பன் செத்தார். இவர் பிரபுவானார். கீழ்ச்சபையில் இருந்து எழும்பி மேல்சபையில் போய் இருந்தார்; ஒரு கதிரையை விட்டு இன்னொரு கதிரை, நடுவில் ஒரு செத்தவீடு. அடுத்த வருஷம் பிரதமர் அமைச்சரவையை மாற்றியபோது இவரை மறந்துபோனார். பெர்க்மான் பேனாவால் எழுதியதைச் சுரண்டி, மேலே எழுதி, திரும்பவும் சுரண்டி, கடைசியில் புதிய அட்டையே எடுத்தார். பழைய அட்டையில் இருந்து மாற்றாமல் எழுத முடிந்தது முட்டை மட்டும். அவருடைய பொதுவாழ்வில் நான் கண்ணால் கண்ட ஒரே உறுதியான கொள்கை அந்த நாலரை நிமிஷம்தான்.

பதவி போன பிறகும் வந்தார். கம்பெனிகளுக்கு ஆலோசகர் என்றார்கள். உலகத்து நாடுகளுக்குத் தூதுக்குழுக்களில் போய் வந்தார். அப்படி ஒரு தரம் எங்கள் நாட்டுக்கும் போனார். திரும்பி வந்த காலை, முட்டையின் தலையைத் தட்டியபடி நதிக்குச் சொன்னார்:

"உன்னுடைய ஊருக்குப் போனேன், ராஜ். அற்புதமான கடற்கரை. யானைகள். ஒன்பது நாள்."

"வடக்குக்கும் போனீர்களா, சேர்?"

"ஹெலிகொப்டர் ஏற்பாடு செய்தார்கள். மழை. கிரிக்கெட் மாதிரி நிறுத்திவிட்டார்கள்." சிரித்தார். "நல்ல காலம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

பார்க்க எங்கள் வீடு இருந்தது என்று சொல்லவில்லை. டோஸ்ட் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

இனி மரியதாஸ்.

கீழே சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இயந்திரத்தின் வாயில் நின்றவன். மன்னார்ப் பெடியன், முப்பது வயது, கத்தோலிக்கன். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் மாதா பாட்டுப் பாடுவான். மாதாவுக்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காது. நான் வெறும் தட்டத்தோடு இறங்கி வரும்போதெல்லாம் வாசலிலேயே பிடிப்பான்.

"என்ன மந்திரியார், இண்டைக்கு ராசாவின்ர முட்டை எத்தினை நிமிசம்?"

"நாலரை."

"அஞ்சு நிமிசம் அவிச்சால் பிரித்தானியா கவிழ்ந்திடுமோ?"

"கவிழாதடா. எனக்குத்தான் வேலை போகும்."

"அப்ப அவிச்சுப் பாருங்கோ அண்ணை. உங்கட சட்டை எனக்கு அளவு."

அவனுடைய தமையனை ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கி எடுத்தார்கள், ஆள் திரும்பவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து கேட்டது இவனுடைய பெயரை. அதனால்தான் அவன் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் உடுப்பு மாற்றும் அறைக்கு ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தான். "வாசியுங்கோ அண்ணை. என்ர ஜேர்மன் அரைவாசியில நிண்டிட்டுது." அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில் என் விரல் நின்றது. வடக்கு உட்படத் தீவு முழுவதும் பயணம் செய்து திரும்பிய பிரித்தானிய அரசியல்வாதி ஒருவர், நிலைமை வழமைக்கு வந்துவிட்டதாகத் தெரிவித்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. கீழே ஏதோ ஒரு பேப்பரில் வந்த செய்தி ஆதாரம். அதில் பெயர். எங்கள் பிரபுவின் பெயர்.

தாஸ் என் முகத்தைப் பார்த்தான். "ஆர் அண்ணை, தெரிஞ்ச ஆளோ?"

"நாலரை நிமிஷம்" என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்த நேரம் எடுத்தது.

வழக்கறிஞர் ஒரு ஜேர்மன் பெண்மணி. மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஆறாம் பக்கத்தைத் தட்டிச் சொன்னா: "முழுக் கட்டடமும் இந்த ஒரு தூணில் நிற்கிறது. வடக்குக்குப் போகவில்லை என்று அந்த மனிதர் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். பாராட்டு வேண்டாம், இரக்கம் வேண்டாம். ஒரு வரி."

நான் ஹெர் பெர்க்மானிடம் போனேன். மறைத்துச் செய்யத் துணிவு இல்லை. சொல்லிவிட்டுச் செய்யவும் வழி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரப்பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"ஏதோ சொன்னீர்கள். எனக்கு இந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். பிறகு அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வருகிறார். முட்டையை உடைக்கும் வரை அவர் ஒருவரோடும் பேச மாட்டார். உடைத்த பிறகு பத்து நிமிஷம் நல்ல மனநிலையில் இருப்பார். கார்டில் இருக்கிறது." அட்டையைத் திரும்பச் செருகிவிட்டு என் சப்பாத்தைப் பார்த்தார். "போச்சியில் தேநீர் அரைவாசிக்கு ஊற்றுங்கள். திரும்ப ஒரு தரம் உள்ளே போக ஒரு காரணம் இருக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேலதிகாரி எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி அது, அரைப் போச்சித் தேநீர்.

வெள்ளிக்கிழமை முட்டை உடைந்தது. கேட்டேன். வார்த்தை ஒன்றோடொன்று முட்டுப்பட்டது. பிரபு கரண்டியை வைத்துவிட்டு, அந்த ஏழு வருஷத்தில் முதல் தரமாக, நதியை விட்டு என்னைப் பார்த்தார்.

"வடக்கு என்று போட்டுவிட்டார்களா? பேப்பர்காரர்கள் கொஞ்சம் அழகுபடுத்துவார்கள். நான் திருத்தவில்லை. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை." தாடையைத் தடவினார். "நிச்சயமாக, ராஜ். தட்டச்சு செய்து கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வைக்கிறேன்." தேநீர் முடிந்து நான் திரும்ப வந்தபோது இன்னொன்று கேட்டார். "உங்களுக்குச் சங்கம் ஒன்று இருக்கிறதல்லவா? நிறையப் பேரா?"

பதவி போய் இரண்டு வருஷமான மனிதனின் குரல் அது. கூட்டம் என்ற சொல்லைச் சாப்பாட்டின் பெயர் போலச் சொன்னார். எனக்கு விளங்கியது. விளங்கியும், வாயை மூடிக்கொண்டு வராமல், சங்கத் தலைவர் நடராசா மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

மாஸ்டர் ஊரில் பள்ளிக்கூட அதிபர்; இங்கே பொதிகள் அடுக்குகிற களஞ்சியத்தில் வேலை. கேட்ட உடனே எழும்பி நின்றுவிட்டார்.

"ஒரு பிரபு எங்களுக்காகக் கையெழுத்து வைக்கிறார். வெறுங்கையோட போய்ப் பேப்பரை நீட்டுறதே? மனிசன் என்ன நினைக்கும்?"

"மாஸ்டர், வழக்கறிஞர் அம்மா ஒரு வரி போதும் எண்டவ."

"அவவுக்கு எங்கட பண்பாடு தெரியுமோ? பொன்னாடை வேணும். மாலை வேணும். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வாழ்த்துமடல் வேணும். அது உம்மட வேலை. ஒரு மாதிரி எழுதாதேயும், சபை எழும்பி நிக்கோணும்."

எனக்கும் ஆசை. மறைக்க என்ன இருக்கிறது. கொலோனில் என் கவிதையைக் கேட்க இருபது பேர் வந்தாலே திருவிழா. இது இருநூறு பேர், ஒரு பிரபு, பத்திரிகைக்காரர். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து எழுத இருந்தேன். முதலில் வந்த சொல் "செம்மலே." செம்மல் வந்தால் அதற்கு முன்னால் ஒரு "செம்" வேண்டும். பேனா தேடவில்லை, தானாக இறங்கியது: "வடபுலத்துச் செம்மண் மிதித்து எம் வலி கண்டு வந்த செம்மலே!" எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன். அறையின் சுவர் அதிர்ந்தது போல இருந்தது. அது உண்மை இல்லை என்று தெரியும். பாராட்டில் யார் உண்மை தேடுகிறார்? கலியாண வீட்டில் மாப்பிள்ளையைச் சூரியன் என்கிறோம், ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. அப்படித்தான் நினைத்தேன். ஆங்கிலத்திலும் நானே மாற்றினேன். ஆங்கிலத்தில் எதுகை போய்விட்டது, செம்மண் மட்டும் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபம். பிரபு வந்தார். பொன்னாடையைக் குளித்துவிட்டு வந்தவன் துவாய் போர்ப்பது போலப் போர்த்தார். வடையை இரண்டு விரலால் தூக்கி, இதன் ஓட்டைக்கு ஏதும் மத முக்கியத்துவம் உண்டா என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் உண்டு என்றார். நான் மடலை வாசித்தேன், தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். செம்மலே என்றபோது சபை எழும்பியது. ஓரத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த தாஸ் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றான். பிரபு பேசினார். மீன் பேச்சுத்தான், மீன் என்ற இடத்தில் நாங்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நான் தட்டச்சு செய்த அந்த ஒரு வரியை நீட்டினேன். "விட்டுவிட்டுப் போ, ராஜ், ஆறுதலாக வாசிக்கிறேன்" என்று சட்டைப்பைக்குள் வைத்தார். கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் வைத்தார். உள்ளூர்ப் பேப்பர்காரர் என்னிடம் மடலின் பிரதி ஒன்று கேட்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன். சங்க முத்திரை குத்தி மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பிரதி.

திங்கட்கிழமை காலை முட்டை உடைத்த பிறகு கேட்டேன். என் கடிதம் முட்டைக் கிண்ணத்துக்குக் கீழே இருந்தது. கையெழுத்து இல்லை. மஞ்சள் கரு ஒரு துளி இருந்தது.

"ஒரு சங்கடம், ராஜ்." குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது, அதைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. "நான் உங்கள் வடக்கின் சிவந்த மண்ணில் நடந்தேன் என்று உங்கள் மக்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். சட்டம் போட்டுத் தந்தீர்கள். காலையில் பேப்பரிலும் வந்திருக்கிறது. இப்போது நான் போகவே இல்லை என்று எழுதினால், உங்களைப் பொய்யர்கள் என்று சொல்வது போல் ஆகாதா? அவ்வளவு அன்பு காட்டியவர்களுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை."

"சேர், அது கவிதை."

"அழகான கவிதை" என்றார், நதியைப் பார்த்து.

அந்த மனிதனுக்கு வடக்குக்குப் போயிருக்க விருப்பம் இருந்தது. போகாமலே போனவர் ஆக ஒரு வழி கிடைத்தபோது, அது பொன்னாடையோடும் கண்ணாடிச் சட்டத்தோடும் கிடைத்தபோது, ஒரு பாத்திரம் கழுவுகிறவனுக்காக அதை ஏன் விடுவார்? பரம்பரை பரம்பரையாக அவர்கள் குடும்பம் வாழ்ந்தது அப்படித்தான். மற்றவன் கொடுத்த மரியாதையைத் தங்கள் சரித்திரம் என்று எழுதி வைத்து, அதற்குள் குடியிருப்பது.

நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னேன். விருந்தாளி சாப்பாட்டு மேசையில் சொன்னதை வெளியே சொன்னால் வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். பெர்க்மானின் காது அன்றைக்கும் மந்தமாக இருந்தது, வேலை போகவில்லை. மழை, ஹெலிகொப்டர், கிரிக்கெட், எல்லாம் சொன்னேன். நீதிபதி கோப்பில் இருந்து, மடலின் படத்தோடு வந்த பேப்பர் துண்டை எடுத்தார்.

"இதை எழுதியவர் நீங்களா?"

"ஓம். அது ஒரு வாழ்த்து. கவிதை."

"முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதே. இதில் அவர் வடக்குக்குப் போனார் என்கிறீர்கள். இங்கே போகவில்லை என்கிறீர்கள். ஒரு இடத்தில் உண்மை இல்லை. எந்த இடம்?"

மடலில் என்றேன். எல்லோரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் மிகத் தெளிவாக உண்மை பேசிய நாள் அது.

தாஸை ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய அன்றே விசாரணைக்கு என்று கொண்டு போனார்கள் என்று அவனுடைய அக்கா எழுதினா. பிறகு ஒரு கடிதம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. பிறகு இல்லை.

தொண்ணூற்றொன்பதில் பிரபு கடைசியாக வந்தார். அந்த வருஷம் அவர்களுடைய மேல்சபையில் இருந்து பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றினார்கள். முட்டை அப்படியே கிடந்தது.

"துரத்துகிறார்கள், ராஜ். எத்தனையோ தலைமுறையாக இருந்த இடம். எங்களைக் கேட்கக்கூட இல்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான். நாங்கள் எங்கே போவது?"

மாளிகைக்குப் போகலாம், அறைகளை எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கும். நாக்கு வரைக்கும் வந்தது. தேநீர் ஊற்றினேன். போச்சியின் மூக்கு அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்க விட்டுவிட்டு வெளியே வந்தேன். இந்த உத்தியோகத்தில் நான் செய்த ஒரே புரட்சி அது. அவர் கவனித்திருக்க மாட்டார். "தமிழர் நண்பர்" என்று தலைப்புப் போட்ட தம்பியும், மன்னிக்க வேண்டும், நடந்ததைக் கவனிக்கவில்லை. ஆனால் தம்பியை மட்டும் குறை சொல்லி முடித்தால் இதுவும் இன்னொரு வாழ்த்துமடல் ஆகிவிடும், இந்தத் தரம் எனக்கு.

ஆகவே இதையும் எழுத வேண்டும். தாஸை அனுப்புவதற்கு முதல் நாள், தடுப்பு முகாமில் பார்க்க விட்டார்கள். ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் மலைகளின் படம் போட்ட நாட்காட்டி. இடியப்பம் கொண்டு போயிருந்தேன். உள்ளே விடவில்லை. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பகிடி விட்டான், பொலிஸ்காரர் சொதி இல்லாமல் எப்படிச் சாப்பிடப் போகிறார்கள் என்று. பிறகு கையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்காதேங்கோ."

"கேள்."

"அந்த ஆள் எங்கட பக்கம் வரேல்லை எண்டு உங்களுக்கு முந்தியே தெரியும். மடல் எழுதேக்கையும் தெரியும், என்ன?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்ணை அப்பிடி எழுதினனீங்கள்?"

என்னிடம் பதில்கள் இருந்தன. மாஸ்டர் இருந்தார், பண்பாடு இருந்தது, பேப்பர்காரன் இருந்தான், எல்லாரையும் விடப் பெரிதாகப் பிரபு இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

"வசனம் நல்லா வந்தது" என்றேன்.

அவன் யோசித்தான். கோபம் வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை.

"ஓம் அண்ணை, நல்ல வசனம்தான்" என்றான். "நீங்கள் வாசிக்கேக்க நானும் தட்டத்தை வைச்சிட்டுக் கை தட்டினனான்."